அட்டையும் கரும்பலகையும்: வேலூர் மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு வகுப்பறை வரலாறு

ராணிப்பேட்டை நெடுஞ்சாலையில் தோல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வருகிறது. எதிரே ஒரு டி.வி.எஸ். ஐம்பது வருகிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. லாரி வண்டியின் மீது செலுத்திய விசை அதிகமா? வண்டி லாரியின் மீது செலுத்திய விசை அதிகமா?

பத்தாம் வகுப்பு முடித்த எந்த மாணவரிடமும் நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். "ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு." ஆனால் லாரிக் கேள்வியைக் கேட்டால் அவர்களில் கணிசமானோர் "லாரியின் விசைதான் அதிகம், இதில் என்ன சந்தேகம்?" என்பார்கள். உண்மையில் இரண்டு விசைகளும் சமம். வண்டியின் நிறை குறைவு. அதனால் அது தூக்கி எறியப்படுகிறது. அவ்வளவுதான். விதி மனப்பாடம் ஆகியிருக்கிறது, ஆனால் மனதில் ஏறவில்லை.

இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் உலகம் முழுவதும் இயற்பியல் ஆசிரியர்கள் நடத்திவரும் விவாதம். ஒரு பக்கம், ஆசிரியர் பேச மாணவர் கேட்டு எழுதும் பழைய முறை. மறுபக்கம், மாணவரே செய்து, பேசி, தவறிக் கற்றுக்கொள்ளும் செயல்பாட்டு முறை. இந்த விவாதத்தில் தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதன் முதல் பக்கம் எழுதப்பட்டது பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

எது "பழைய முறை"?

கரும்பலகை, சாக்பீஸ், நோட்ஸ், தேர்வு. இதைத்தான் நாம் "பாரம்பரிய முறை" என்கிறோம். ஆனால் இது அவ்வளவு பழையதா?

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணலெழுத்தையும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் தன் பள்ளியில் பயன்படுத்தினார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணை கப்பலேறிப் போனது என்றே சொல்லலாம்.

திண்ணைப் பள்ளியை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அங்கேயும் எண்சுவடி மனப்பாடம்தான், பிரம்படியும் உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. ஆனால் ஒருவர் பேச ஐம்பது பேர் எழுதுவது, எல்லோரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவது என்ற அமைப்பு வலுப்பெற்றது 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான். மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினால் சர்க்கார் உத்தியோகம் என்ற கணக்கு வந்ததும் பள்ளியின் வேலை கற்பிப்பது என்பதிலிருந்து தேறவைப்பது என்று மாறிவிட்டது. ஆகவே நாம் பாரம்பரியம் என்று அழைப்பது உண்மையில் தேர்வு உருவாக்கிய ஒரு பழக்கம்.

ஆற்காட்டின் இரண்டு முகங்கள்

ஆற்காடு பகுதிக்குப் பள்ளிகள் புதிதல்ல. 1853இல் அமைக்கப்பட்ட அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தது. வேலூரில் ஊரிஸ் கல்லூரி வளர்ந்தது. 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. பின்னர் மேல்விஷாரத்தில் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்தது. தோல் வணிகத்தில் சம்பாதித்த குடும்பங்கள் கல்விக்கு அள்ளிக்கொடுத்த வரலாறு இது.

மறுமுகம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலைகள் நீண்டன. குடியாத்தம் பக்கம் பீடியும் தீப்பெட்டியும் கைத்தறியும் இருந்தன. பாலாற்றை நம்பியிருந்த விவசாயம் சுருங்கிக்கொண்டே போனது. தோல் கழிவு நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996 ஆகஸ்டில் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது.

அந்த நீரைப் போலவே கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுக்கொண்டிருந்தது இன்னொன்று: பிள்ளைகளின் வாழ்க்கை. வீட்டில் நோய் வந்தாலோ கல்யாணம் வந்தாலோ பெற்றோர் பீடி முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அதற்கு ஈடாகப் பிள்ளை வேலைக்குப் போவான். பீடியின் முனையை மடித்து மூடுவதற்கு அந்தச் சின்ன விரல்கள்தான் தேவைப்பட்டன. கூலி வட்டிக்குப் போகும், அசல் அப்படியே நிற்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இருந்தும் இது நடந்தது. 1996இல் சர்வதேச மனித உரிமை அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டின் பீடிச் சிறுவர்கள் இடம்பெறும் அளவுக்கு நிலைமை இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளும் "செய்து"தான் கற்றார்கள். நாள் முழுதும் கையால் வேலை செய்தார்கள், தொழிலில் தேர்ந்தார்கள். ஆனால் அதை யாரும் கல்வி என்று சொல்ல மாட்டார்கள். கை மட்டும் வேலை செய்து, "ஏன்?" என்று கேட்க வாய்க்கு உரிமை இல்லாத இடம் அது. செயல்வழிக் கல்வி என்றால் வெறும் கைவேலை அல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

ரிஷிவேலியிலிருந்து வந்த அட்டைகள்

1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கும் பணியில் ஈடுபட்டார். மீட்டது ஒரு வேலை என்றால் பள்ளியில் தக்கவைப்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு "அ" தெரியாது. பக்கத்தில் எட்டு வயதுப் பெண் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒன்பது வயதுப் பையன் இரண்டு வருடம் பள்ளிக்குப் போய் நின்றவன். இவர்களை ஒரே வரிசையில் உட்காரவைத்து "எல்லோரும் பக்கம் பதினான்கைத் திறங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேருக்குச் சலிக்கும். மறுவாரம் பாதி வகுப்பு காலி.

விடை அண்டை மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1911இல்தான் அது தனி மாவட்டமானது. அப்போது அந்தச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளுக்காக அட்டைகளால் ஆன ஒரு கற்பித்தல் முறையை 1980களில் உருவாக்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னோடி, கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1972இல் நீல்பாக் பள்ளியை நிறுவிய டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர்.

முறை எளிமையானது. ஒரு வருடப் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்துவிடுவார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்பதைச் சுவரில் உள்ள "ஏணி" காட்டும். மாணவன் தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்வான். ஒரு வாரம் பள்ளிக்கு வராவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலைக்கும் பள்ளிக்கும் நடுவே தத்தளித்த பிள்ளைக்கு இதைவிட ஏற்ற முறை எது?

37 ஆயிரம் பள்ளிகள்

விஜயகுமார் பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதே முறை "செயல்வழிக் கற்றல்" என்ற பெயரில் தொடங்கியது. விரைவிலேயே மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவியது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்த பிறகு, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 37 ஆயிரம் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு அது சென்றது. விடுவிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த ஒரு முறை ஒரு மாநிலத்தின் முறையானது.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பாகம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகையானது. மேலே கம்பி கட்டிப் பிள்ளைகளின் படங்களும் எழுத்துகளும் தொங்கின. வருகையைப் பிள்ளைகளே பதிந்தார்கள். ஆசிரியரின் முழுத் துணை தேவைப்படுவோர், சக மாணவர் துணை போதுமானோர், தனியே செய்யக்கூடியோர், மதிப்பீடு எழுதுவோர் என்று ஆறு குழுக்கள். சட்டாம்பிள்ளை வேறு பெயரில், பிரம்பு இல்லாமல், திரும்பி வந்தார் எனலாம்.

பிள்ளைகளிடம் உடனே தெரிந்த மாற்றம் பயம் குறைந்தது. வாத்தியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும்போது சந்தேகம் கேட்க நடுங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பையன் எந்தப் படியில் இருக்கிறான் என்பதும் அவமானமாக இல்லை, அவரவர் ஏணி அவரவருக்கு.

பெற்றோர் பலருக்கு இது பிடிக்கவில்லை. "வீட்டுப்பாடம் இல்லை, சத்தமாக வாசிப்பதில்லை, பள்ளிக்கூடமா விளையாட்டுக் கூடமா?" என்ற கேள்வி ஊர்தோறும் எழுந்தது. ஆசிரியர்களும் குறை சொன்னார்கள். நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் இருந்தால் ஒருவர் எப்படிச் சமாளிப்பார்? கிழிந்த அட்டைக்கு மாற்று எப்போது வரும்? இவை நியாயமான கேள்விகள். மேலிருந்து உத்தரவாக வந்த சீர்திருத்தம், நம்பிக்கை இல்லாத ஆசிரியரின் கையில் வெறும் அட்டை அடுக்கும் வேலையாகிவிடும் ஆபத்தும் இருந்தது.

அறிவியல் வகுப்புக்கு வந்தபோது

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் "படைப்பாற்றல் கல்வி" வந்தது. பாடத்தை மாணவரே படிப்பது, மனவரைபடம் வரைவது, தொகுப்பது, குழுவில் பேசுவது என்று வரிசை. இயற்பியல் பாடங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனவரைபடம் நல்லதுதான். ஆனால் நெம்புகோலைப் பற்றி மனவரைபடம் வரைவதும் ஒரு நெம்புகோலைக் கையில் பிடித்து அழுத்திப் பார்ப்பதும் ஒன்றல்ல.

கையில் பிடித்துப் பார்க்கும் அறிவியலுக்கு இந்தியாவில் முன்மாதிரி இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் அது. சோதனை செய்தே பாடம். புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வு. செய்முறைக்கும் மதிப்பெண். பின்னாளில் ஆயிரம் பள்ளிகள் வரை வளர்ந்த அந்தத் திட்டத்தை 2002இல் அம்மாநில அரசு நிறுத்தியது. ஒரு மாநிலத்தில் செய்து கற்கும் வகுப்பு மூடப்பட்ட மறு ஆண்டே சென்னையில் 13 பள்ளிகளில் கதவு திறந்தது ஒரு விசித்திரமான பொருத்தம்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கு வெளியே இந்தப் பணியைச் செய்தது 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அதன் "துளிர்" இதழும், 1993 முதல் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடும் சிறு ஊர்ப் பிள்ளைகளையும் தங்கள் ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் தாங்களே அளந்து பார்க்கத் தூண்டின.

மதிப்பெண் என்னும் கணக்குப் புத்தகம்

எட்டாம் வகுப்பு வரை வந்த காற்று ஒன்பதில் நின்றுவிடும். காரணம் எளிது. வரவு செலவு பார்த்தால் போதும்.

2018 வரை மேல்நிலை இயற்பியல் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. அந்த 50ஐப் பெரும்பாலான மாணவர்கள் ஏறக்குறைய முழுதாகப் பெற்றுவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எல்லோருக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணுக்காக யாரும் உழைக்க மாட்டார்கள். ஆகவே போட்டி முழுவதும் 150இல்தான். அதற்குக் குறுக்கு வழி நோட்ஸ், கைடு, "முக்கிய வினாக்கள்". 2011-12இல் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கும் 75 எழுத்து, 25 செய்முறை என்று மாறியது. நோக்கம் நல்லது. ஆனால் குவிலென்சின் குவியத் தொலைவை ஜன்னல் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, வரவேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பின்னால் நிரப்பும் வித்தையைப் பல ஆய்வகங்கள் கற்றுத் தந்தன.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆம்பூரில் ஷூ கம்பெனித் தொழிலாளியின் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கல்லூரிக்கான ஒரே டிக்கெட். அவள் "சார், நோட்ஸ் குடுங்க" என்று கேட்பது சோம்பல் அல்ல, கணக்கு.

மாணவர் மனமும் மாணவர் கற்றலும்

ஆனால் நோட்ஸ் மோகம் நம் ஊர் வியாதி மட்டும் அல்ல.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தன் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டாலும் அடிப்படைக் கருத்துகளில் தடுமாறுவதை 1990 வாக்கில் கண்டுபிடித்தார். விசை பற்றிய எளிய வினாத்தாளைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதவா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் கேட்டாராம். அதன் பிறகு அவர் விரிவுரையைக் குறைத்து, மாணவர்களே ஒருவருக்கொருவர் வாதாடிப் புரியவைக்கும் முறைக்கு மாறினார்.

1998இல் ரிச்சர்டு ஹேக் என்ற பேராசிரியர் 62 இயற்பியல் வகுப்புகளில் பயின்ற 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். முன்தேர்வில் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கை மாணவர்கள் பின்தேர்வில் கற்றிருந்தார்கள் என்பதே அவர் பார்த்த அளவு. விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 23 விழுக்காடு. மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 48 விழுக்காடு. இரு மடங்கு!

அப்படியானால் மாணவர்கள் புதிய முறையை வரவேற்றிருக்க வேண்டுமே? 2019இல் ஹார்வர்டிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தந்தது. முதலாண்டு இயற்பியல் மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு நேர்த்தியான விரிவுரையாகவும் மறு பிரிவுக்குச் செய்து கற்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். அடுத்த பாடத்துக்குப் பிரிவுகளை மாற்றினார்கள். தேர்வில் செய்து கற்றவர்கள் அதிகம் பெற்றார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாகச் சொன்னார்கள்!

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நல்ல விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். அந்தத் தெளிவு ஆசிரியருடையது, நம்முடையது அல்ல. தானே செய்யும்போது தடுமாற்றம் வரும், தப்பு வரும், எரிச்சல் வரும். அந்தத் தடுமாற்றத்தை மாணவர் "எனக்குப் புரியவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் கற்றல் நடப்பதே அங்கேதான். அந்த ஆய்வாளர்கள் இதை மாணவர்களிடம் பாடத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக விளக்கிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள்.

வேலூர்ச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் நோட்ஸ் இல்லை, மதிப்பெண் இல்லை. இருந்தது பீடித் தட்டு ஒன்றுதான். அதனுடன் ஒப்பிட்டால் அட்டை அவர்களுக்குச் சொர்க்கம்.

பிறகு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் செயல்பாடு, கண்டறிதல் வழியாகக் கற்பதைச் சட்டத்திலேயே எழுதியது. 2012-13இல் முப்பருவ முறையும் வளரறி மதிப்பீடும் எட்டாம் வகுப்பு வரை வந்தன. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் போனது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டம் அறிமுகமானது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிள்ளைகள் பிரிக்கப்படுவதில் பழைய ஏணியின் நிழல் தெரிகிறது. வேலூர் மாவட்டமே 2019இல் மூன்றாகப் பிரிந்து ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன.

பெயர்கள் மாறுகின்றன, திட்டங்கள் மாறுகின்றன. மாறாமல் நிற்பது ஒன்பதாம் வகுப்பு வாசலில் உள்ள அந்தச் சுவர். கீழ் வகுப்பில் "நீயே எடு, நீயே செய்" என்று பழக்கிய பிள்ளையை மேல் வகுப்பில் "எழுதிக்கோ, ஒப்பி" என்று சொல்லும் வரை அரைச் சீர்திருத்தமே நடந்ததாகும். செய்முறைத் தேர்வு உண்மையாகவே செய்முறையைச் சோதித்தால், வினாத்தாள் விதியைக் கேட்காமல் லாரியையும் டி.வி.எஸ். ஐம்பதையும் பற்றிக் கேட்டால், நோட்ஸ் கேட்கும் அதே மாணவி நாளைக்குச் சோதனைச் சாலையின் சாவியைக் கேட்பாள். அவள் கணக்குத் தெரிந்தவள். கணக்கை மாற்றி எழுத வேண்டியவர்கள் பெரியவர்கள்.

முன்பணத்துக்கு ஈடாகப் பீடி சுற்றிய பிள்ளைக்குத் தன் படியைத் தானே ஏறும் உரிமையைக் கொடுத்த மண் இது. அந்த ஏணி பாதியில் முடிந்துவிடக் கூடாது.